மிஸ், பிள்ளைக்கு வயித்தால போகுது: வயிறும் சளியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது ஊர் மருத்துவிச்சியாக, யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கம் முப்பத்தொரு வருடம், முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போனவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், கேள்விகள் ஓயவில்லை. சந்தையில் கேட்கிறார்கள், கோயில் வீதியில் கேட்கிறார்கள், இப்போது வைபரும் வந்துவிட்டதால் லண்டனில் இருக்கிற பேரப்பிள்ளையின் பம்பஸ் படம் எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேருகிறது. திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறான், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் போறான். இது வயிற்றோட்டமோ மிஸ்?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை என்றால் பெரும்பாலும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மஞ்சளாக, இளக்கமாக, கடுகு கலந்தது போலத்தான் போகும். ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகிற பிள்ளையும் உண்டு. ஒன்றரை மாதம் கடந்த பிறகு ஐந்தாறு நாளைக்கு ஒருக்கால் போகிற பிள்ளையும் உண்டு. நிறை கூடுகிறது, நாளைக்கு ஆறு தரமாவது மூத்திரம் பெய்கிறது என்றால் இரண்டுமே சரி.

அந்தப் பிள்ளைக்கு வழக்கமானதை விட்டுத் திடீரென்று தண்ணீராகப் பீய்ச்சத் தொடங்கினால் அது வயிற்றோட்டம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் ஒரு நாளில் மூன்று தரமோ கூடவோ தண்ணீராகப் போவது.

வயிற்றோட்டம் தொடங்கினா முதல்ல என்ன குடுக்கிறது?

ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, குளுக்கோஸ் தூள். மருந்துக் கடைகளில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை; சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டு பை எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தரம் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், இரண்டு வயதுக்கு மேலே 100 முதல் 200 வரை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வழக்கத்தை விடக் கூடத் தரம் கொடுங்கள்.

ஜீவனி குடித்ததும் வயிற்றோட்டம் நிற்காது. அதை எதிர்பார்த்துவிட்டு "ஜீவனி சரிவரேல்லை" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். வெளியே போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்ப உள்ளே போடுவதற்குத்தான் அது. குடல் கெட்டுப்போயிருக்கிற நேரத்திலும் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உறிஞ்சும், கூடவே தண்ணீரும் போகும். அதனால்தான் வெறும் தண்ணீர் போதாது.

பால் போத்தலுக்க கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக் குடுக்கலாமோ? முழுப் பையும் வீணாப் போகுது.

வீணாகப் போகட்டும். ஒரு லீற்றருக்கு என்று பையில் போட்டிருந்தால் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கிள்ளிக் கிள்ளிப் போட்டால் ஒரு போத்தலில் உப்புக் கூடும், அடுத்ததில் குறையும். உப்புக் கூடினால் வயிற்றோட்டமும் கூடும், இரத்தத்திலும் உப்பு ஏறி வலிப்பு வரலாம். ஒரு வீட்டில் பிள்ளை குடிக்கவில்லை என்று தாய் ஒரு பையை ஒரு தேநீர்க் குவளைத் தண்ணீரில் கட்டியாகக் கரைத்து வைத்திருந்தாள், நல்லகாலம் நான் போன நேரம் பிள்ளை இரண்டு வாய்தான் குடித்திருந்தது.

வீட்டில் அளவுச் சாடி இல்லையென்றால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். கரைத்ததை மூடி வையுங்கள், 24 மணித்தியாலம் கழிந்தால் ஊற்றிவிடுங்கள். சீனி, தோடம்பழச் சாறு ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

குடிச்ச உடனையே சத்தி எடுக்குது, என்ன செய்யிறது?

பத்து நிமிடம் விடுங்கள், பிறகு தேக்கரண்டியால் தொடங்குங்கள். ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ ஒரு கரண்டி, அவ்வளவுதான். தாகத்தில் போத்தலை இழுத்து இழுத்துக் குடிக்கிற பிள்ளைதான் அப்படியே வெளியே கக்கும்.

இதை நான் படித்ததை விடப் பட்டதுதான் அதிகம். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அதில் நானும் என் எட்டு மாத மகனும். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் முப்பது பேர், மூன்றாம் நாள் அவனுக்கு வயிற்றாலும் வாயாலும் தொடங்கியது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிரட்டையில் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி கொடுப்பது, அறுபது எண்ணுவது, அடுத்த கரண்டி. கக்கினால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும். விடியும் வரை எண்ணினேன். காலையில் என் சட்டையெல்லாம் நனைய மூத்திரம் பெய்தான், அதைப் போலச் சந்தோசம் எனக்குப் பிறகு வந்ததில்லை. 1971இல் வங்காள அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது டொக்டர் திலீப் மகலானோபிஸ் ஊசிச் சேலைன் தீர்ந்துபோய் இதே உப்பு, குளுக்கோஸ் தண்ணீரை வாயால் கொடுத்து நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நாலுக்குக் கீழே இறக்கினார். கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளோடு இருந்த தாய்மாரும் உறவுக்காரரும்தான்.

ராத்திரி பன்னெண்டு மணி, கடை பூட்டு, ஜீவனி இல்லை. சோடா குடுக்கலாமோ?

வேண்டாம். சோடா, நெக்டோ, பெட்டியில் வரும் பழச்சாறு எல்லாம் சீனி கூடினவை, குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டி. குவித்து அள்ளக் கூடாது. நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரை விட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. இளநீரில் சோடியம் குறைவு, இடையில் குடிக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல. விடிந்ததும் ஜீவனி வாங்கிவிடுங்கள்.

நிப்பாட்டுற குளிசை ஏதும் இல்லையோ?

பெரியவர்கள் போடும் நிப்பாட்டுக் குளிசையைப் பிள்ளைக்குத் தொடவும் கூடாது. குடலை அசையாமல் செய்துவிடும், வயிறு ஊதி ஆபத்தாகும். அன்டிபயோட்டிக்கும் பெரும்பாலும் தேவையில்லை, ஏனென்றால் சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் அதிகம் வைரசால் வருவது. மலத்தில் இரத்தம் கண்டால் கதை வேறு, அன்றே டொக்டரிடம் போங்கள்.

டொக்டர் எழுதித் தந்தால் மறக்காமல் கொடுக்க வேண்டிய ஒன்று துத்தநாகம், சிங்க் என்று எழுதியிருக்கும். ஆறு மாதத்துக்குக் கீழே நாளைக்கு 10 மில்லிகிராம், மேலே 20, பத்து முதல் பதினான்கு நாள். மூன்றாம் நாள் வயிறு சரியானதும் அலுமாரித் தட்டில் வைத்துவிடுகிறார்கள். முழுவதும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு வயிற்றோட்டம் வருவதும் குறையும்.

அப்பம்மா சொல்லுறா, வயித்தால போற பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தா இன்னும் போகும் எண்டு.

அப்பம்மாவோடு சண்டை போடாதீர்கள், ஆனால் சாப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம். குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, தயிர், வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத் தரம் கொடுங்கள். இரண்டு நாள் பட்டினி போட்ட குடல் மெதுவாகத்தான் தேறும். சுகமான பிறகு இரண்டு கிழமைக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இறங்கின நிறை திரும்ப வரும்.

பல்லு முளைக்கிறதுக்குத்தானே போகுது, அதுக்கேன் ஜீவனி?

பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற வயதும் வயிற்றோட்டம் வருகிற வயதும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆறு ஏழு மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, வெளிச் சாப்பாடு தொடங்குகிறது, பிள்ளை தவழ்ந்து கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. பல்முரசு ஊறும், வீணீர் வடியும், பிள்ளை சிணுங்கும், அதெல்லாம் பல்லால்தான். தண்ணீராகப் போவதும் காய்ச்சலும் பல்லால் வருவதில்லை. பல்லு என்று நான்கு நாள் இருந்து, கண் குழிவிழுந்த பிறகு கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணி வத்திப்போச்செண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் மூத்திரம். ஆறு மணித்தியாலமாகப் பெய்யவில்லை என்றால் கிளம்ப வேண்டும். பம்பஸ் கட்டினால் தண்ணீர் மலமும் மூத்திரமும் கலந்து ஒன்றும் விளங்காது. அன்றைக்கு மட்டும் பழைய வேட்டித் துண்டைக் கட்டிவிடுங்கள். அழுதால் கண்ணீர் இல்லாமை, காய்ந்த நாக்கு, குழிவிழுந்த கண், சின்னப் பிள்ளை என்றால் பள்ளமான உச்சிக்குழி, இவற்றைப் பாருங்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே போய் ஒட்ட வேண்டும், மெதுவாகப் போனால் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது.

எழுப்பவே முடியாமல் சோர்ந்து கிடக்கிற பிள்ளைக்கும், குடிக்க மாட்டாமல் எல்லாவற்றையும் கக்குகிற பிள்ளைக்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. கொதிக்க வைச்சாப் போதும்தானே?

கிருமிக்குப் போதும், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. யாழ்ப்பாணத்து நிலம் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியில் இருப்பது கிணற்றுக்குப் போக நாள் எடுக்காது, அதுவும் ஐப்பசி கார்த்திகை மாரி வெள்ளத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரின் போடுவியுங்கள்.

கொதிக்க வைத்தும் போகாத ஒன்று நைத்திரேற்று. தோட்டத்து உரமும் மலகூடக் குழியும் சேர்ந்து எங்கள் பக்கத்துப் பல கிணறுகளில் அது அளவுக்கு மேலே இருக்கிறது. பாதுகாப்பான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதித்து வற்றினால் செறிவு இன்னும் கூடும். ஆறு மாதத்துக்குக் கீழே பால்மா குடிக்கிற பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசன் காவ மாட்டாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தோட்டங்களுக்கு நடுவில் வீடு, பிள்ளைக்குப் பால்மா என்றால் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், அதுவரை பால் கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தத் தலையிடியே இல்லை.

பிறந்து ஒரு மாசம், நெஞ்சுக்க கரகரவெண்டு கேக்குது. சளி கட்டீட்டுதோ?

பெரும்பாலும் நெஞ்சில் இல்லை, மூக்கில். சின்னப் பிள்ளை மூக்காலேயே மூச்சு விடும், அந்தத் துளை ஊசித்துளை போல. கொஞ்சம் சளி இருந்தாலும் நெஞ்சில் கை வைத்தால் அதிரும். பால் நன்றாகக் குடிக்கிறது, மூச்சு வேகமில்லை என்றால் விடுங்கள். அடைத்தால் மருந்துக் கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுக்க முன்னம் இரண்டு துளி. தேங்காய் எண்ணெயை மூக்கில் விடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் நெஞ்சறைக்குள் இறங்கினால் அதுவே ஒரு நியூமோனியா.

ஒரு கிழமையாத் தடிமன், சளி பச்சையா வருது. அன்டிபயோட்டிக் எழுதாத டொக்டர் என்ன டொக்டர்?

நல்ல டொக்டர். தடிமன் வைரசால் வருவது, அன்டிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாவது உடம்பு எதிர்த்து நிற்பதால், கிருமி மாறியதால் அல்ல. மூக்கு ஒழுகுவது ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும், இருமல் மூன்று கிழமை வரை இழுக்கும். நேசரி தொடங்கிய பிள்ளைக்கு மாதத்துக்கு ஒரு தடிமன் வருவதும் வழக்கம்தான். கடையில் கேட்டு வாங்கும் இருமல் பாணியும் சின்னப் பிள்ளைகளுக்குப் பயனில்லை, தூங்கி விழப்பண்ணும்.

அப்ப எந்த இருமலுக்குத்தான் பயப்பிடுறது?

இருமலை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள். பிள்ளை நித்திரையாகவோ மடியில் அமைதியாகவோ இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கைபேசியில் நேரம் வைத்து எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது, சின்னப் பிள்ளை விட்டு விட்டு மூச்சு எடுக்கும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அன்றே காட்டுங்கள். காய்ச்சலிலும் மூச்சு வேகமாகும், இறங்கியதும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுவது, மூக்குத் துளை விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, பால் பாதிதான் குடிப்பது, உதடு நீலம், இதில் ஒன்று கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குக் கீழே 38 பாகை காய்ச்சல் என்றாலும் அப்படித்தான், இருமல் இருக்கட்டும் இல்லாமல் இருக்கட்டும்.

இழுப்புக்கு நெபுலைசர் பிடிச்சா பிள்ளை அதுக்குப் பழகிப்போகும் எண்டு சொல்லீனம்.

பழக மாட்டாது. மூச்சிழுப்புத் திரும்பத் திரும்ப வருவதால் மருந்தும் திரும்பத் தேவைப்படுகிறது, அதைப் பார்த்து மருந்தைக் குறை சொல்கிறார்கள். டொக்டர் பம்ப்பும் அதை முகத்தில் பிடிக்கிற குழாயும் எழுதித் தந்தால் அது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை, வீட்டிலேயே கொடுக்கலாம்.

ஒரு வயதுக்குள் முதல் தடவை வரும் இழுப்பு அனேகமாக வைரசால் சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்குவது. அதற்கு நெபுலைசர் பெரிதாக வேலை செய்யாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடித்தான் பிறகு குறையும், ஆகவே இரண்டாம் நாள் "பரவாயில்லை" என்று திருப்பி அனுப்பிய பிள்ளையை நான்காம் நாள் திரும்ப எண்ணிப் பாருங்கள்.

தேன், வசம்பு, கொத்தமல்லி, சாம்பிராணி எல்லாம் நாங்களும் குடிச்சு வளந்தனாங்கள்தானே?

வளர்ந்தோம், உண்மைதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தேன் ஒரு வயதுக்குப் பிறகு இருமலுக்கு நல்லது, இரவில் அரைத் தேக்கரண்டி கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன்னம் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சின்னக் குடலில் முளைத்துப் பிள்ளையை வாடிய கீரைத்தண்டு போலத் துவளப்பண்ணும் நஞ்சை விடும். கொத்தமல்லி அவித்த தண்ணீர் பெரிய பிள்ளைக்கு இளஞ்சூட்டில் இதமாக இருக்கும், அவ்வளவே. வசம்பு சுட்டு உரைத்துப் பருக்குவதை நிறுத்துங்கள், சத்தி எடுத்து வெளிறின பிள்ளைகளை என் கையால் தூக்கியிருக்கிறேன்.

சாம்பிராணிதான் எனக்குப் பெரிய போராட்டம். முழுகவார்த்த பிள்ளையைச் சட்டிக்கு மேலே பிடிப்பது பார்க்க அழகு, நெஞ்சுக்குக் கூடாது. நுளம்புத்திரி, விறகடுப்பு, காவோலை கொளுத்துகிற புகை எல்லாம் அதே கணக்கு. பூசுகிற தைலங்களில் கர்ப்பூரம் இருக்கும், இரண்டு வயதுக்குக் கீழே பூச வேண்டாம். நாவூறு கழிப்பதை நான் மறிப்பதில்லை. செத்தல் மிளகாயை மட்டும் பிள்ளை இல்லாத பக்கமாகக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் எவ்வளவு? அக்கான்ர பிள்ளைக்கு எழுதினது வீட்டில கிடக்கு.

கிடக்கட்டும். பனடோல், அதாவது பரசிற்றமோல், அளவு வயதுக்கு இல்லை, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளைக்கு நாலு தரத்துக்கு மேலே இல்லை. 10 கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் ஆறு மில்லி. அதே பெயரில் 250 உள்ள பாணியும் உண்டு, ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்தும் உண்டு. சொட்டு மருந்தைத் தேக்கரண்டியால் வார்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் கீழே நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மாரி தொடங்கியதிலிருந்து தை மாதம் வரை எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம், வயிற்றோட்டமும் சத்தியும் கூட வரும். ஆகவே அஸ்பிரின், புரூபன் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து, கை கால் குளிர்ந்து, வயிற்றுவலி என்றால் அதுதான் டெங்குவில் ஆபத்தான நேரம்.

தடிமன் ஒண்டும் இல்லை, திடீரெண்டு இருமத் தொடங்கி ஒரு மாசமாகியும் நிக்கேல்லை.

எந்த நாள், எந்த இடத்தில் தொடங்கியது என்று யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமைகளில் இந்தக் கேள்வி எனக்கு வரும், பதில் பெரும்பாலும் கச்சான், நிலக்கடலை. ஓடி விளையாடிக்கொண்டு வாயில் போட்டது புரைக்கேறி மூச்சுக்குழாயில் இருந்துவிடும், பிறகு ஒரு பக்க நெஞ்சு மட்டும் இழுக்கும். எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம், ஆகவே "அன்றைக்குக் கச்சான் சாப்பிட்டவள்" என்று டொக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். ஐந்து வயது வரை முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம்.

சத்தி பச்சையா வந்தது, ஆனா வயித்தால போகேல்லை. இதுக்கும் ஜீவனியோ?

இல்லை. பச்சைச் சத்தி என்றால் குடல் எங்கோ அடைபட்டிருக்கலாம், நேராக ஆஸ்பத்திரி. பத்து இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் காலை மடக்கி வீரிட்டு அழுது, இடையில் வெளிறிக் கிடந்து, பிறகு சிவப்பு ஜெலி போலப் போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கிறது; மூன்று மாதம் முதல் இரண்டு வயது வரை இது வரும். நேரத்தோடு போனால் அனேகமாக வெட்டாமலே சரிசெய்யலாம். ஒரு மாதப் பிள்ளை ஒவ்வொரு பாலையும் எட்டப் பீய்ச்சிக் கக்கிவிட்டு உடனே பசியில் அழுதால், அது இரைப்பை வாசல் தடித்திருப்பதாக இருக்கலாம், அதையும் தள்ளிப் போடக் கூடாது.

நாங்கள் நெடுந்தீவு. நீங்கள் சொல்லுற "உடனே" எங்களுக்கு எப்பிடி?

உங்களுக்கு எல்லாக் கணக்கையும் ஒரு படி முன்னுக்குத் தள்ளுங்கள். மற்றவர்கள் ஆறு மணித்தியாலம் மூத்திரத்துக்குப் பார்த்தால் நீங்கள் நாலு பாருங்கள். மாலைப் படகு கிளம்ப முன்னம் பிள்ளையின் மூச்சை எண்ணி, அளவுக்குக் கிட்ட வந்திருந்தால் தீவில் இருக்கிற ஆஸ்பத்திரியில் காட்டி, போகச் சொன்னால் அந்தப் படகிலேயே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துவிடுங்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் அடுத்த நாள் படகு நிச்சயமில்லை. ஜீவனி இரண்டு பை போதாது, குறைந்தது ஆறு பை இருக்கட்டும். வரும்போது கரைத்த ஜீவனியும் ஒரு கரண்டியும் கையில் எடுத்து வாருங்கள், படகில் ஒரு மணித்தியாலம் என்றால் முப்பது கரண்டி கொடுக்கலாம்.